ஆவிக்குரிய முதிர்ச்சின்னா என்ன, அது எப்படி வரும்? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்காக

"அவர் நல்ல முதிர்ச்சியுள்ள விசுவாசி", "இவங்க இன்னும் வளரணும்" இப்படியெல்லாம் சர்ச்சுல சாதாரணமா பேசிக்குவோம். ஆனா புதுசா விசுவாசத்துக்கு வந்த ஒருத்தர் "சரிங்க, முதிர்ச்சின்னா என்ன, அது எப்படி வருது"ன்னு நேரா கேட்டா, முக்கால்வாசி பேர் "தினமும் பைபிள் வாசிங்க, ஜெபம் பண்ணுங்க, எல்லாம் தானா வரும்"னு சொல்லிட்டு போயிடுவாங்க. பதில் தப்பில்ல, ஆனா பாதி பதில்தான். ஏன்னா வருஷக்கணக்கா தினமும் வாசிச்சிட்டு, ஒரு நாள் கூட ஜெபத்தை விடாம, ஆனா வீட்டுல யார் என்ன சொன்னாலும் எரிஞ்சு விழுற ஆளுங்களையும் நாம பாத்திருக்கோம்ல, அப்ப எங்கயோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கு. அதைத்தான் இங்க கொஞ்சம் பொறுமையா பாக்கப்போறோம்.

முதல்ல எது முதிர்ச்சி இல்லன்னு பாத்துடலாம், அதுக்கு கொரிந்து சபையை விட நல்ல உதாரணம் கிடைக்காது. பவுல் அங்க ஒன்றரை வருஷம் இருந்து போதிச்சாரு, அப்புறம் கி.பி. 55 வாக்குல அவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதுறாரு, அதுதான் ஒன்று கொரிந்தியர். முதல் அதிகாரத்துலயே, உங்களுக்கு எல்லா உபதேசமும் இருக்கு, எல்லா அறிவும் இருக்கு, எந்த வரத்துலயும் குறைவில்லன்னு சொல்றாரு. அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், சுகமாக்கும் வரம்னு அந்த சபையில பேசப்படாத வரமே இல்ல. ஆனா அதே பவுல் மூணாவது அதிகாரத்துல என்ன சொல்றாரு? நீங்க குழந்தைங்க, இன்னும் பாலைத்தான் குடுக்க முடியுது, கெட்டியான சாப்பாடு தாங்காதுங்கறாரு. காரணமும் சொல்லிடறாரு: பொறாமை, வாக்குவாதம், பிரிவினை. நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ (அங்க போதிச்ச இன்னொரு ஊழியர்) கட்சின்னு சண்டை. ஆறாவது அதிகாரம் போனா ஒருத்தர் மேல ஒருத்தர் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்காங்க. பதினொண்ணாவது அதிகாரத்துல இன்னும் மோசம், திருவிருந்துக்கு கூடுற இடத்துலயே ஒருத்தன் பசியோட இருக்கான், இன்னொருத்தன் குடிச்சு வெறிச்சிருக்கான்.

அப்போ வரம் இருக்கறதும், வசனம் நிறைய தெரியறதும், ஆராதனையில கண்ணீர் வர்றதும் முதிர்ச்சிக்கு அத்தாட்சி கிடையாது. எத்தனை வருஷமா விசுவாசியா இருக்கோம்ங்கறதும் இல்ல. எபிரெயர் நிருபத்துல இது இன்னும் பச்சையாவே வருது, காலத்தைப் பாத்தா நீங்க இந்நேரம் போதகரா இருக்கணும், ஆனா உங்களுக்கே இன்னும் அரிச்சுவடி சொல்லித்தர வேண்டியிருக்கேன்னு அஞ்சாவது அதிகாரத்துல எழுதியிருக்கு. அந்த அதிகாரத்தோட கடைசி வசனத்துலயே முதிர்ச்சிக்கு விளக்கமும் இருக்கு, அதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. பயிற்சி செஞ்சு செஞ்சு, எது நல்லது எது கெட்டதுன்னு பிரிச்சுப் பாக்கிற அளவுக்கு உள்புலன்கள் பழகிப்போனவங்க, அவங்கதான் பூரண வயசுள்ளவங்க, அவ்வளவுதான். ஒரு சூழ்நிலை வரும்போது யாரும் பக்கத்துல நின்னு சொல்லாமலே, இதை செய்யலாம் இதை செய்யக்கூடாதுன்னு உள்ளுக்குள்ள பட்டுன்னு புரியறது, புரிஞ்சபடி செய்யவும் முடியறது. இது பயிற்சியால வர்றதுன்னு அந்த வசனமே சொல்லுது, அதனால ஒரே ராத்திரியில யார் தலையில கை வச்சாலும் வந்துடாது.

இன்னொரு அளவுகோல் கலாத்தியர் அஞ்சாம் அதிகாரத்துல இருக்கிற ஆவியின் கனி. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ஒன்பதும் மனப்பாடமா தெரியும், சண்டே ஸ்கூல் பிள்ளைங்க கூட சொல்லுவாங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, இதுல பெரும்பாலானது தனியா ரூம்ல உக்காந்திருக்கும்போது இருக்கா இல்லையான்னே தெரியாது. பொறுமை இருக்கான்னு தெரியணும்னா பொறுமையை சோதிக்கிற ஒரு ஆள் வேணும். சாந்தம் இருக்கான்னு தெரியணும்னா யாராவது நம்மள அவமானப்படுத்தணும். அதனால என்னைக் கேட்டா ஒருத்தரோட முதிர்ச்சியை அவரோட ஜெப நேரத்தை வச்சு கணக்குப் போடக்கூடாது, ஜெபம் முடிச்சு கதவைத் திறந்து வெளிய வந்த முதல் பத்து நிமிஷத்தை வச்சுதான் போடணும்.

அப்போ ஜெபமும் தியானமும் எதுக்கு, நேரா நல்லவனா நடந்துக்கிட்டா போதுமேன்னு ஒரு கேள்வி வரும். வரணும்.

மாற்கு நாலாம் அதிகாரத்துல இயேசு ஒரு சின்ன உவமை சொல்றாரு, மத்த சுவிசேஷங்கள்ல அது இல்ல. ஒருத்தன் நிலத்துல விதையைப் போடறான், ராத்திரி தூங்கறான், காலையில எழுந்திருக்கான், விதை முளைச்சு வளருது, எப்படின்னு அவனுக்கே தெரியாது. நிலம் தானாவே முதல்ல முளையையும் அப்புறம் கதிரையும் அப்புறம் கதிர்ல நிறைஞ்ச தானியத்தையும் கொடுக்குது. தேவனுடைய ராஜ்யத்தைப் பத்தி சொன்ன உவமை இது, ஆனா ஒரு மனுஷனுக்குள்ள நடக்கிற வளர்ச்சிக்கும் அப்படியே பொருந்துது. விவசாயி விதையை இழுத்துப் பெருசாக்க முடியாது. அதே சமயம் அவன் விதைக்கலைன்னா அங்க ஒண்ணும் முளைக்கப்போறதும் இல்ல. தினசரி தியானம், உபவாசம், இச்சையடக்கம் எல்லாமே இந்த விதைக்கிற வேலைதான், வளர வைக்கிறது தேவன்.

பவுல் இதையே பிலிப்பியர் ரெண்டாம் அதிகாரத்துல ரெண்டு வசனத்துல முடிச்சிடறாரு. உங்க இரட்சிப்பு நிறைவேற பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படுங்கன்னு சொல்லிட்டு, அடுத்த வரியிலயே, ஏன்னா விருப்பத்தையும் செய்கையையும் உங்களுக்குள்ள உண்டாக்குறது தேவன்தான்னு சொல்றாரு. ரெண்டுல ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டா கோளாறாயிடும். முதல் வசனம் மட்டும்னா எல்லாம் என் முயற்சின்னு ஆகி, ஒண்ணு பெருமை வரும் இல்ல சோர்வு வரும். ரெண்டாவது மட்டும்னா "எல்லாம் கிருபை பாத்துக்கும்"னு கால் மேல கால் போட்டு உக்காந்துடுவோம்.

இதுக்கு வாழ்க்கையிலயே உதாரணம் வேணும்னா, பதினெட்டாம் நூற்றாண்டுல இங்கிலாந்துல இருந்த போதகர் ஜான் வெஸ்லியைப் பாருங்க. 1729-லேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டுல தன் தம்பி சார்லஸ் ஆரம்பிச்ச சின்ன குழுவுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. நேரத்துக்கு எழுந்திருக்கிறது, நேரத்துக்கு ஜெபம், புதன் வெள்ளி உபவாசம், ஜெயில்ல இருக்கிறவங்களைப் போய் பாக்கிறது, எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு. மத்த மாணவங்க கேலி பண்ணி வச்ச பேருதான் மெத்தடிஸ்ட், அதாவது எல்லாத்தையும் முறைப்படி செய்யறவங்க. இவ்வளவும் பண்ணியும் மனசுக்குள்ள நிம்மதி இல்ல. அமெரிக்காவுல ஜார்ஜியாவுக்கு மிஷனரியா போற வழியில கப்பல் புயல்ல மாட்டுச்சு, கூட வந்த மொரேவியன்ங்கற ஜெர்மன் கிறிஸ்தவக் குழு விசுவாசிங்க பயமில்லாம பாட்டு பாடிட்டிருந்தாங்க, இவருக்கு சாவு பயம். அப்புறம் 1738 மே 24-ஆம் தேதி லண்டன்ல ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு சின்ன கூட்டத்துல ரோமர் நிருபத்துக்கு ஜெர்மன் சபை சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதின முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்கும்போதுதான், கிறிஸ்துவை மட்டும் நம்புறேன், என் பாவத்தை அவர் எடுத்துட்டாருன்னு ஒரு நிச்சயம் அவருக்கு வந்துச்சு.

இங்க நிறைய பேர் கதையை நிறுத்திடுவாங்க, பாத்தீங்களா, ஒழுங்கு முறை எல்லாம் வேஸ்ட்டு, அனுபவம்தான் முக்கியம்னு. ஆனா வெஸ்லி அதுக்கப்புறம் ஒழுங்கை விடல! விடியக்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கிற பழக்கம் வயசான காலம் வரைக்கும் இருந்துச்சு. செய்யற காரியம் ஏறக்குறைய அதேதான், செய்யற காரணம் மாறிடுச்சு. முன்னாடி தேவன் என்னை ஏத்துக்கணும்னு செஞ்சாரு, பின்னாடி ஏத்துக்கிட்டாருன்னு செஞ்சாரு. தியானம் பண்ண உக்காரும்போது நாம எந்த பக்கத்துல நிக்கிறோம்னு அப்பப்ப பாத்துக்கிறது நல்லது, ஏன்னா ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா "இன்னைக்கு எனக்கு ஏதாவது கெட்டது நடக்கும்"னு ஒரு பயம் வருதே, அது முதல் பக்கத்துல நிக்கிறதோட அடையாளம்.

தினசரி தியானம், நடைமுறையில

எப்ப பண்றதுன்னுதான் எல்லாரும் முதல்ல கேப்பாங்க. இயேசு அதிகாலையில இருட்டோடே எழுந்து தனியான இடத்துக்குப் போய் ஜெபம் பண்ணாருன்னு மாற்கு 1:35 சொல்லுது. அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சுன்னும் பாருங்க, கப்பர்நகூம்ல சாயங்காலம் சூரியன் மறைஞ்ச பிறகு பட்டணமே வாசல்ல வந்து நின்னுது, அத்தனை வியாதிக்காரங்களையும் சுகமாக்கினாரு. அவ்வளவு அலுப்புக்கு அப்புறம் அடுத்த நாள் காலையில எழுந்தாரு, அதுவும் சீஷங்க தேடிக்கிட்டு வந்து "எல்லாரும் உம்மைத் தேடுறாங்க"ன்னு சொன்னப்ப, வாங்க அடுத்த ஊருக்குப் போவோம்னாரு. ஜனங்க கூப்பிடற பக்கம் போகாம, தான் எதுக்கு வந்தாரோ அதுல தெளிவா நின்னாரு. அந்த தனிமை என்ன பண்ணுதுன்னு இந்த ஒரு சம்பவத்துலயே தெரிஞ்சுடுது.

ஆனா காலையிலதான் பண்ணனும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஈசாக்கு சாயங்காலம் வயல்வெளிக்குப் போய் தியானம் பண்ணாரு. தானியேல் தினம் மூணு வேளை. நைட் ஷிப்ட் வேலை பாக்கிறவங்களும், கைக்குழந்தை வச்சிருக்கிற அம்மாக்களும் அஞ்சு மணிக்கு எழுந்திருக்க முடியலையேன்னு குற்ற உணர்ச்சியில திரிய வேண்டியதில்ல. எந்த நேரத்துல உங்க மூளை முழிச்சிருக்குமோ, எந்த நேரத்துல யாரும் கூப்பிட மாட்டாங்களோ அந்த நேரம். அது தினமும் ஒரே நேரமா இருந்தா நல்லது, அப்பதான் "இன்னைக்கு பண்ணலாமா வேண்டாமா"ன்னு தினமும் மனசோட மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

எவ்வளவு வாசிக்கிறதுங்கறது அடுத்தது. பைபிள்ல 66 புத்தகம், 1189 அதிகாரம். ஒரு நாளைக்கு மூணேகால் அதிகாரம்னு வச்சா வருஷத்துல முடிஞ்சிடும், கணக்கு அவ்வளவுதான். ராபர்ட் மர்ரே மக்ஷேன்னு ஸ்காட்லாந்துல டண்டீயில இருந்த ஒரு இளம் போதகர் 1842-ல தன் சபைக்காக ஒரு அட்டவணை போட்டாரு, பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் ரெண்டு தடவை, ஒரே வருஷத்துல. இன்னைக்கும் உலகம் முழுக்க ஆளுங்க அதைப் பயன்படுத்துறாங்க. ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் அதை சொல்ல மாட்டேன். டிக் அடிக்கிறதுக்காக வாசிக்க ஆரம்பிச்சா கண்ணு ஓடும், மனசு ஓடாது. ஒரு அதிகாரம், இல்ல பாதி அதிகாரம், புரியற மாதிரி ஒரு தடவை, மெதுவா இன்னொரு தடவை, ஆரம்பத்துக்கு இது தாராளம்.

வாட்ஸப்பில வர்ற தின வசனம் போதுமான்னு கேட்டா, போதாது. அது கெட்டது இல்ல, ஆனா வசனத்தை அதோட இடத்துலேர்ந்து பிச்சு எடுத்துதான் அனுப்பறாங்க. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு", இதை எக்ஸாம் பாஸ் ஆகறதுக்கும் ப்ரொமோஷனுக்கும் எத்தனை பேர் போட்டிருக்கோம்! முன்னாடி வசனத்தை வாசிச்சா பவுல் ஜெயில்ல இருந்துக்கிட்டு, சாப்பிட்டு நிறைவா இருக்கவும் தெரியும், பசியா கிடக்கவும் தெரியும்னு சொல்லிட்டு வர்றாரு, அதாவது இல்லாதப்பவும் மனசு ரம்மியமா இருக்கிறதுக்கான பெலன் அது. அர்த்தமே தலைகீழா போயிடுது பாருங்க. இந்த மாதிரி தப்பா புரிஞ்ச வசனத்துமேல கட்டுன நம்பிக்கை, நினைச்சது நடக்காதப்ப உடைஞ்சிடும், அப்புறம் தேவன் மேல கோவம் வரும். அதனால ஒரு புத்தகத்தை எடுத்தா முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வரிசையா போங்க.

வாசிச்சிட்டு ஜெபமா, ஜெபம் பண்ணிட்டு வாசிக்கிறதா? இங்கிலாந்துல பிரிஸ்டல்ல ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைங்களை வளர்த்த ஜார்ஜ் முல்லர் இதைப் பத்தி 1841-ல எழுதி வச்சிருக்காரு. முன்னாடியெல்லாம் எழுந்த உடனே ஜெபத்துல உக்காருவாராம், மனசு அலையும், கால் மணி அரை மணி நேரம் போராடினப்புறம்தான் உண்மையா ஜெபிக்கவே ஆரம்பிப்பாராம். அப்புறம் வழியை மாத்தி, முதல்ல வசனத்தை வாசிச்சு அதை யோசிக்க ஆரம்பிச்சாரு, யோசிக்கும்போதே அது நன்றியாவோ அறிக்கையாவோ விண்ணப்பமாவோ தானா ஜெபமா மாறிடுச்சுங்கறாரு. ஜெபத்துல என்ன பேசறதுன்னு தெரியாம முழிக்கிறவங்களுக்கு இது ரொம்ப உதவும்.

இதைவிட இன்னும் கையில பிடிச்சு சொல்லித்தர்ற மாதிரி ஒரு முறை வேணும்னா, மார்ட்டின் லூத்தர் 1535-ல தனக்கு முடிவெட்டற பீட்டர்ங்கறவருக்காக எழுதிக் குடுத்தது இருக்கு. அவர் "எப்படிங்க ஜெபம் பண்றது"ன்னு கேட்டிருக்காரு, இவர் பெரிய தத்துவம் எல்லாம் பேசாம, கர்த்தருடைய ஜெபத்தையும் பத்து கட்டளைகளையும் ஒவ்வொரு வரியா எடுத்து எப்படி ஜெபமாக்கறதுன்னு எழுதிக் குடுத்தாரு. கட்டளைகளுக்கு நாலு கேள்வி மாதிரி வச்சுக்கறாரு: இதுல எனக்கு என்ன போதனை, எதுக்கு நான் நன்றி சொல்லணும், எதை அறிக்கை பண்ணணும், என்ன கேக்கணும். இதை எந்த வசனத்துக்கும் போடலாம். யாக்கோபு 1:19-ஐ எடுத்துக்கங்க, கேக்கறதுக்கு வேகமாவும் பேசறதுக்கு பொறுமையாவும் கோபப்படறதுக்கு தாமதமாவும் இருங்கன்னு இருக்கு. போதனை: வாயை விட காதுக்கு முதலிடம். நன்றி: நான் உளர்ற அத்தனையையும் தேவன் பொறுமையா கேக்கறாரே, அதுக்கு. அறிக்கை: நேத்து வீட்டுல அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள வெட்டிப் பேசினது, இங்க பேரைச் சொல்லி நாளைச் சொல்லி அறிக்கை பண்ணுங்க, பொதுவா "என் கோவத்தை மன்னியும்"னு சொன்னா அது யாரையும் தொடாது. விண்ணப்பம்: இன்னைக்கு சாயங்காலம் அவங்க திரும்ப அதே பேச்சை எடுக்கும்போது முழுசா கேக்கறதுக்கு ஒரு பெலன் குடும். பத்து நிமிஷ வேலைதான் இது. ஆனா சாயங்காலம் அந்த பேச்சு வரும்போது காலையில கேட்டது ஞாபகத்துக்கு வரும் பாருங்க, எபிரெயர்ல சொன்ன பயிற்சிங்கறது அங்கதான் நடக்குது.

ஜெபத்துல ஒண்ணுமே உணர முடியல, வறண்டு கிடக்குன்னு ஒரு காலம் எல்லாருக்கும் வரும். புதுசா வந்தவங்க இதுல பயந்துடறாங்க, தேவன் என்னை விட்டுட்டாருன்னு. நாலாம் நூற்றாண்டுல எகிப்து வனாந்தரத்துல இருந்த எவாக்ரியஸ்ங்கற துறவி இதை எழுதி வச்சிருக்காரு, நடுப்பகல் ஆச்சுன்னா சூரியன் நகரவே மாட்டேங்குற மாதிரி இருக்கும், ஒரு நாள் அம்பது மணி நேரம் மாதிரி தோணும், சும்மா சும்மா ஜன்னல் வழியா எட்டிப் பாக்கத் தோணும், இந்த இடத்தை விட்டு வேற எங்கயாவது போனா நல்லா ஜெபிக்கலாமேன்னு தோணும்னு. உலகத்தையே விட்டுட்டு ஜெபத்துக்காகவே வனாந்தரத்துக்குப் போன ஆளுங்களுக்கே போர் அடிச்சிருக்கு, நமக்கு அடிக்காதா. இந்த மாதிரி நாள்ல சொந்த வார்த்தை வரலைன்னா சங்கீதத்தை எடுத்து அப்படியே வாசிச்சு ஜெபமாக்குங்க. 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்"னு கேள்வியோட ஆரம்பிக்குது, 88-ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் ஒரு ஆறுதலும் இல்லாமலே முடியுது. அதையும் ஜெபம்னு பைபிள்ல சேத்து வச்சிருக்காங்க. நாலு நாள் விட்டுப்போச்சுன்னா அந்த நாலு நாள் பாக்கியை ஒண்ணா சேத்து வாசிக்க உக்காராதீங்க, அதுலயே வெறுத்துப் போயிடும், இன்னைக்கு உள்ளதை மட்டும் வாசிங்க.

இச்சையடக்கம், சுய ஒழுக்கம்

இந்தப் பேரைக் கேட்டாலே "இதை செய்யாதே, அதைத் தொடாதே"ங்கற லிஸ்ட்டுதான் ஞாபகம் வரும். ஆச்சரியம் என்னன்னா அந்த மாதிரி லிஸ்ட்டை பவுலே கிண்டல் பண்றாரு. கொலோசெயர் ரெண்டாம் அதிகாரத்துல, தொடாதே, ருசி பாக்காதே, தீண்டாதேங்கற கட்டளையெல்லாம் பாக்க ஞானம் மாதிரி இருக்கும், உடம்பை ஒடுக்கற மாதிரி இருக்கும், ஆனா மாம்சத்தை அடக்கறதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லங்கறாரு. அதே பவுல்தான் ஒன்று கொரிந்தியர் ஒன்பதுல என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துறேன்னும் சொல்றாரு. முரணா? இல்ல. அங்க ஓட்டப்பந்தயத்தைப் பத்தி பேசறாரு. கொரிந்துக்குப் பக்கத்துலயே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய விளையாட்டுப் போட்டி நடக்கும், ஜெயிச்சா இலைதழையில கட்டுன ஒரு கிரீடம், கொஞ்ச நாள்ல வாடிப்போற கிரீடம், அதுக்கே அவன் எல்லாத்துலயும் அடக்கமா இருக்கான்னா நாம அழியாத கிரீடத்துக்கு ஓடறோமேங்கறாரு. ஓடுறவனுக்கு சாப்பாட்டு மேல வெறுப்பு கிடையாது, அவனுக்கு ஒரு குறி இருக்கு, அதனால சிலதை விடறான். குறி இல்லாம விடறதுதான் கொலோசெயர்ல சொன்ன வெத்து ஒடுக்கம்.

இன்னொண்ணு, தீத்து ரெண்டாம் அதிகாரத்துல லௌகிக இச்சைகளை வெறுத்து தெளிந்த புத்தியோட வாழறதுக்கு நமக்குக் கத்துக்குடுக்கறது யாருன்னா தேவகிருபைன்னு இருக்கு. நாம கிருபையை மன்னிப்புக் குடுக்கற இடமா மட்டும்தான் பாக்கறோம், பவுல் அதை வாத்தியாரா பாக்கறாரு. வாத்தியார்னா இன்னைக்கு தப்பா எழுதினா வெளிய தள்ள மாட்டாரு, ஆனா சரியா எழுதற வரைக்கும் விடவும் மாட்டாரு.

நடைமுறையில என்ன பண்றது? ஒரு பழக்கத்தை விடணும்னா அந்த இடத்துல இன்னொண்ணை வைக்கணும். எபேசியர் நாலுல திருடனைப் பத்தி பவுல் சொல்றதை கவனிங்க, திருடாதேன்னு மட்டும் சொல்லி விடல, கையால உழைச்சு இல்லாதவனுக்குக் குடுக்கட்டுங்கறாரு. திருடறதை நிறுத்தினவன் வெறும் திருடாதவன், குடுக்க ஆரம்பிச்சவன்தான் மாறினவன். இதையே உங்க விஷயத்துக்குப் போட்டுப் பாருங்க. புறணி பேசற பழக்கம்னா, யாரைப் பத்தி பேசறோமோ அவங்களுக்காக அந்த இடத்துலயே ஜெபிக்க ஆரம்பிக்கிறது. ராத்திரி படுக்கையில போன்ல கண்டதைப் பாக்கற பழக்கம்னா, போனை வேற ரூம்ல சார்ஜ் போட்டுட்டு தலைமாட்டுல பைபிளை வைக்கிறது. ரொம்ப ஆவிக்குரிய யோசனையா தெரியாது, ஆனா சோதனை வந்தப்புறம் போராடறதை விட சோதனை வர்ற வழியை முன்னாடியே அடைக்கறது எவ்வளவோ மேல். யோசேப்பு, தன் எஜமான் போத்திபாரோட மனைவி வஸ்திரத்தைப் பிடிச்சு இழுத்தப்ப நின்னு வாதம் பண்ணிட்டிருக்கல, வஸ்திரத்தை விட்டுட்டு ஓடிட்டாரு.

உபவாசம் இந்த பயிற்சியில ஒரு பாகம். இயேசு "நீங்கள் உபவாசிக்கும்போது"ன்னுதான் சொல்றாரு, செஞ்சுதான் ஆகணும்னு கட்டாயப்படுத்தல, செய்வீங்கன்னு எடுத்துக்கறாரு. டிடாகேன்னு சொல்ற ரொம்ப பழைய சபை ஒழுங்குமுறை நூல்லயே புதன் வெள்ளி உபவாசிங்கன்னு இருக்கு. வயிறு கேக்கும்போது "கொஞ்சம் இரு"ன்னு சொல்லிப் பழகினவனுக்கு, கோவமும் ஆசையும் கேக்கும்போதும் அதே வார்த்தை வாயில வரும். ஆரம்பத்துல ஒரு வேளை போதும். சுகர், கர்ப்பம், மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேக்காம பண்ணாதீங்க, அவங்க சாப்பாட்டுக்குப் பதிலா சோஷியல் மீடியாவையோ வேற எதையாவதோ விடலாம். ஏசாயா 58-ஐயும் ஒரு தடவை வாசிச்சிடுங்க, உபவாசம் இருந்துக்கிட்டே வேலைக்காரங்களை கசக்கிப் பிழிஞ்ச ஜனங்களைப் பாத்து, பசிச்சவனுக்கு உன் அப்பத்தைப் பங்கு போடறதுதான் எனக்குப் பிடிச்ச உபவாசம்னு தேவன் சொல்றாரு.

இதுல பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, ஒழுங்கா பண்ண ஆரம்பிச்ச மூணாவது மாசத்துலேர்ந்து வரும். மத்தவங்களைப் பாத்தா இளக்காரமா தெரியும். லூக்கா 18-ல இயேசு சொன்ன உவமையில, ஆலயத்துக்குப் போன பரிசேயன் (வேத சட்டத்தை ரொம்ப கறாரா கடைபிடிக்கிற யூதன்) வாரத்துல ரெண்டு தடவை உபவாசிக்கிறான், எல்லாத்துலயும் தசமபாகம் குடுக்கறான், பொய் சொல்லல, நிஜமாவே செய்யற ஆள்தான். ஆனா அங்க நிக்கிற ஆயக்காரனை, அதாவது ஜனங்க வெறுத்த வரி வசூலிக்கிறவனை, ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே ஜெபிச்சான், நீதிமானா வீட்டுக்குப் போனது ஆயக்காரன். அதனாலதான் இயேசு தானம், ஜெபம், உபவாசம் மூணையும் அந்தரங்கத்துல பண்ணுங்கன்னு மத்தேயு ஆறுல சொன்னாரு. ஸ்டேட்டஸ்ல போட வேண்டாம்ங்க.

ஆனா அந்தரங்கம்னா தனிமரமா இருக்கறதுன்னு அர்த்தமில்ல. நம்ம குறை நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஒருத்தர், நம்ம முகத்துக்கு நேரா "நீ அன்னைக்குப் பேசினது சரியில்ல"ன்னு சொல்ற அளவுக்கு உரிமை இருக்கிற ஒரே ஒருத்தர், வாரத்துல ஒரு தடவை உக்காந்து பேச இருந்தா போதும். அவர் கேக்க வேண்டியது "எத்தனை அதிகாரம் வாசிச்சே"ன்னு இல்ல, "வாசிச்சதுல எதைச் செஞ்சே"ன்னு.

எவ்வளவு நாள் ஆகும்? பவுலையே பாருங்க. அப்போஸ்தலர் 13-ல மாற்கு என்னும் யோவான்ங்கற பையன் ஊழியப் பயணத்துல பாதியில விட்டுட்டு வீட்டுக்குத் திரும்பிட்டான். அடுத்த பயணத்துக்கு பவுலோட கூட்டாளி பர்னபா அவனைக் கூட்டிட்டுப் போலாம்னாரு, பவுல் முடியவே முடியாதுன்னுட்டாரு, பேச்சு முத்தி ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சே போயிட்டாங்க. அப்போஸ்தலனா இருந்து, சபைகளை ஸ்தாபிச்சதுக்கு அப்புறம் நடந்த சண்டை இது. பல வருஷம் கழிச்சு, சாவு கிட்ட வந்துடுச்சுன்னு தெரிஞ்ச நேரத்துல, ரெண்டாம் தீமோத்தேயுவுல அதே பவுல் எழுதறாரு: மாற்குவை உன்னோடே கூட்டிக்கிட்டு வா, ஊழியத்துல அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். நடுவுல ஓடிப்போனவனும் வளர்ந்திருக்கான், வேண்டாம்னு சொன்னவரும் வளர்ந்திருக்காரு, எந்த தேதியில எந்த ஜெபத்துல அது நடந்துச்சுன்னு எங்கயும் எழுதல.

எந்த புத்தகத்துல ஆரம்பிக்கறதுன்னு இன்னும் சொல்லலையே. அந்த மாற்கு எழுதினதுன்னு ஆதி சபை காலத்துலேர்ந்து சொல்லிட்டு வர்ற சுவிசேஷத்துலயே ஆரம்பிங்க. நாலு சுவிசேஷத்துல அதுதான் சின்னது, 16 அதிகாரம், தினம் பாதி பாதியா போனா கூட ஒரு மாசத்துக்கு மேல கொஞ்சம் நாள்ல முடிஞ்சிடும். அதை முடிச்சிட்டு பிலிப்பியர், யாக்கோபு, கூடவே தினம் ஒரு சங்கீதம். ஆதியாகமத்துல ஆரம்பிச்சு வேகமா போயி லேவியராகமத்துல மாட்டிக்கிட்டு நின்னவங்கதான் நிறைய, அது அப்புறம் வரட்டும்.